பின்னம் என்று எழுதியிருந்த டிஸ்க்

மகனே, நான் பெட்டி கட்டவில்லை. "அம்மா, மெஷினை நல்லாச் சுத்திப் பெட்டியிலை வைச்சிட்டியளோ? தை மாசம் வரேக்கை கையோடை கொண்டு போகோணும்" என்று நேற்றும் கேட்டு அனுப்பியிருக்கிறாய். அதற்குக் கீழே கும்பிடுகிற இரண்டு கை. அந்தக் கண்டறியாத கும்பிடு இனி எனக்கு வேண்டாம். போனில் கதைத்தால் நான் கத்துவேன். நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டு மற்றப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாய். அதனால்தான் இருந்து எழுதுகிறேன். காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவள் நான், ஒன்றைத் தொடங்கினால் விடை வரும்வரை விடமாட்டேன். உன் கலியாணத்துக்கு முன்னால் நீ இதை முழுதாக வாசிக்க வேண்டும். நிவேதாவும் வாசிக்கட்டும். தான் கட்டப் போகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? மாமி எப்படிப்பட்டவள் என்றும் தெரியட்டும்.

நீ இணையத்தில் போட்ட அந்த வீடியோவில் என்னவோ இந்த மெஷினை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவன் போலக் கதைக்கிறாய். "எங்கடை வீட்டு அலுமாரிக்குள்ளை ஒரு புதையல் கிடந்தது" என்கிறாய். புதையலாம்! அதை அலுமாரியில் வைத்தவள் நான். உன் சித்தப்பா இலண்டனிலிருந்து வந்தபோது எங்களுக்கென்று தூக்கிக்கொண்டு வந்தது அது. கீபோட்டும் கொம்பியூட்டரும் ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்தில் டிஸ்க் போடும் வாய் வைத்து, டீவியில் கொழுவிப் பார்க்கிற சாமான். இணுவிலில் அப்போது எனக்குத் தெரிய வேறு எவரிடமும் இருக்கவில்லை. அதனோடு வந்த தடித்த புத்தகத்தை அகராதியும் கையுமாக வாசித்து இயக்கப் பழகினேன். உன் அப்பாவுக்கு அதைத் தொடவே பயம். "உது வெடிச்சுக் கிடிச்சுப் போடாதே?" என்று அறை வாசலில் நின்று கேட்பார். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடங்களை அதில் நானே எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டிஸ்க்கில் போட்டு, லேபிள் ஒட்டி, பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அடுக்கி வைத்தேன். கூட்டல், நேரம், வீதம், பரப்பளவு. பன்னிரண்டு டிஸ்க்.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு நீயும் நிவேதாவும் வந்து நின்றபோது நீ அதை வெளியே எடுத்தாய். எனக்கு விளங்காத விஷயத்தில் கத்துகிறேன் என்று நினைக்காதே, நீ செய்த ஒவ்வொன்றும் எனக்கு விளங்கும். பழைய விளையாட்டு டிஸ்க்குகளின் இமேஜ், அதாவது முழு டிஸ்க்கையும் ஒரு புள்ளி விடாமல் பிரதி எடுத்த கோப்பு, இணையத்திலிருந்து எடுத்து உன் லப்டொப்பில் வைத்திருந்தாய். அந்தக் கோப்பை இந்த மெஷினுக்குக் கொடுக்க முடியாது, அதற்கு உண்மையான ஃப்ளொப்பி வேண்டும். அதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பலகையும் ஒரு பழைய டிஸ்க் ட்ரைவும் கொண்டுவந்து லப்டொப்பில் கொழுவினாய். கோப்பில் இருப்பதை அது டிஸ்க்கில் வட்டம் வட்டமாக எழுதும். வட்டத்துக்கு ட்ராக் என்று பெயர், ஒரு பக்கத்துக்கு எண்பது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ட்ரைவ் டக் என்று ஒரு சத்தம் போடும். அது குசினி வரை கேட்டது. கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இமேஜ் எத்தனையும் எடுக்கலாம், எழுத டிஸ்க் எங்கே? டவுனில் நாலு கடை ஏறி இறங்கினாய். ஒரு கடைக்காரர் "தம்பி, உதை மியூசியத்திலை கேட்டுப் பாருங்கோ" என்றாராம். வந்து சொல்லிச் சிரித்தாய். கொழும்பிலிருந்து ஆரோ அனுப்பிய பத்து டிஸ்க்கும் பிந்தி வந்த வகை, இந்த மெஷினுக்குப் பொருந்தாது. ஒரு பக்க ஓட்டையை டேப் ஒட்டி மறைத்து அந்த மெஷினை ஏமாற்றப் பார்த்தாய். அது பாதி வாசித்துவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் உன் கண் என் டின்னில் விழுந்தது.

இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்று நீங்கள் போய் மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. "அம்மா, வீடியோ போட்டிருக்கிறன், பாருங்கோ" என்று அனுப்பினாய். பின்னேரத் தேத்தண்ணியும் கையுமாக இருந்து பார்த்தேன். என் மேசை, என் டின், என் கையெழுத்து. நீ ஒரு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டுகிறாய். "இஞ்சை பாருங்கோ, எங்கடை அம்மான்ரை பின்னம்! இதை ஆர் இனிப் பாக்கப் போயினம்?" என்று சிரிக்கிறாய். டிஸ்க்கின் மூலையில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கிறது, அதைத் தள்ளி விட்டால் டிஸ்க் பூட்டு, எவராலும் அதில் எழுத முடியாது. நான் பூட்டி வைத்திருந்தேன். நீ நகத்தால் அதைத் திறக்கிறாய், கிட்டக் காட்டியிருக்கிறாய், நகம் வடிவாகத் தெரிகிறது. பக்கத்திலிருந்து நிவேதாவின் குரல் கேட்கிறது: "முதல் உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு வாசிச்சுப் பாக்கேல்லையோ?" நீ சொல்கிறாய்: "பின்னம் தானே, அதுக்குள்ளை என்ன இருக்கப் போகுது?"

பிறகு டக், டக், டக். ஐம்பத்திரண்டாவது ட்ராக்கில் சிவப்பாக ஒரு வரி வந்தது. நீ டிஸ்க்கை இழுத்து எடுத்து, "இது செத்திட்டுது" என்று சொல்லி நிலத்தில் எறிந்தாய். "வீதம்" என்று எழுதியிருந்ததை எடுத்துப் போட்டாய். அதில் சரிவந்தது, விளையாட்டில் ஒரு குரங்கு மரத்துக்கு மரம் பாய்ந்தது, பின்னால் பாட்டு வேறு. அந்தக் குரங்கையும் நான் கடைசி மட்டும் பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

உடனே உனக்குப் போன் எடுத்து என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. "என்ரை டிஸ்க்கை அழிச்சுப் போட்டாயே, அறுவானே" என்று கத்தியிருப்பேன். நீ சொன்னது மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் நினைவிருக்கிறது. "அம்மா, நீங்கள்தானே எடு எண்டு சொன்னனீங்கள். உப்பிடிக் கத்துறதுக்கு என்ன கிடக்கு? பின்னம் தானே, நான் வேறை ஒரு இமேஜ் தேடிப் பிடிச்சு உங்களுக்கு எழுதித் தாறன்." பிறகு அந்த மெஷின் இங்கே உப்புக்காற்றில் பழுதாகிப் போகும், ரொறன்ரோவில் பத்திரமாக இருக்கும் என்று ஒரு விழல் கதை. இணுவிலில் எங்கேயடா உப்புக்காற்று?

நீ படித்ததே கொம்பியூட்டர். ஆர் ஆரோ கம்பனியின் தகவல்களை அழியாமல் காப்பாற்றுவதுதான் உன் வேலை என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதற்குத்தான் சம்பளம். அந்தப் பலகைக்கு எழுதவும் தெரியும், வாசிக்கவும் தெரியும். முதலில் வாசித்து ஒரு பிரதி எடுத்து வைக்க இரண்டு மூன்று நிமிடம் போயிருக்குமா? வெளியாருக்குச் செய்கிறதைத் தாயின் டின்னுக்குச் செய்ய ஏன் உனக்குத் தோன்றவில்லை? பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை கேட்டாள். கேட்டவளின் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை நீ. நாளைக்கு அவளோடு குடும்பம் நடத்தப் போகிறாய். அவள் "முதல் பாத்தியளோ?" என்று கேட்கிற நேரமெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார். இது புத்திமதி. உன் கலியாணத்துக்கு நான் தருகிற முதல் புத்திமதி இதுதான்.

இரண்டாவது: "நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று ஒரு மனுசியிடம் சொல்லாதே. உண்மையாக இருந்தாலும் சொல்லாதே. உண்மையாக இருந்தால் இன்னும் சொல்லாதே.

இப்போது அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். உனக்கு ஒரு அக்கா இருந்தது தெரியும். சுவாமி அறைக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம், இரட்டைப் பின்னல், சுகந்தி என்று பெயர், மாசி மாதத்தில் திதி. அதற்கு மேல் உனக்கு என்ன தெரியும்? நான் சொன்னால்தானே தெரியும். அவளுக்குக் கணக்கு ஓடாது. கணக்கு ரீச்சரின் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். மேலே இருப்பதை மேலே கூட்டுவாள், கீழே இருப்பதைக் கீழே கூட்டுவாள். "அரையோடை இன்னும் கொஞ்சம் சேத்தால் எப்பிடியடி அரையை விடக் குறையும், மொக்கு?" என்று கேட்டு, கோடு கீறுகிற அடிமட்டத்தால் புறங்கையில் அடித்தேன். ஒரு தரமல்ல. எத்தனையோ பின்னேரம். அவள் அழ மாட்டாள். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போய் மெஷினுக்கு முன்னால் இருந்துவிடுவாள்.

அங்கே இருந்தால் அவள் வேறு பிள்ளை. அந்தத் தடித்த புத்தகத்தில் பாதி அவளுக்குப் பாடம். நான் உன்னை வயிற்றில் ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்த நேரம். அவளுக்குப் பத்து வயது. "அம்மா, தம்பியோ தங்கச்சியோ?" என்று வந்து கேட்டாள். "ஆருக்குத் தெரியும், பிறந்தால் பாப்பம்" என்றேன். உனக்கென்று அவள் அந்த டிஸ்க்கில் எழுதிய விளையாட்டு ப்ரோக்ராம் முதலில் அதைத்தான் கேட்கும். நீ தம்பியா, தங்கச்சியா, ஒன்று அல்லது இரண்டைத் தட்டு. பிறகு உன் பெயர் என்ன என்று கேட்கும், உனக்குத்தான் அப்போது பெயர் இல்லையே. பெயரைத் தட்டினால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் உன்ரை அக்கா, வா விளையாடுவம் என்று எழுதும். மெஷினுக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். ஒன்றிலிருந்து இருபதுக்குள் அது ஒரு எண்ணை நினைக்கும். ஐந்து தரத்துக்குள் நீ கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

எனக்குப் போட்டுக் காட்டினாள். நான் பாதி பாதியாகப் பிரித்துக் கேட்டு மூன்றாம் தரமே பிடித்துவிட்டேன். திரும்ப விளையாடினேன், திரும்பவும் பிடித்தேன். பாதியாகப் பிரித்துக்கொண்டு போனால் இருபதை ஐந்து தரத்துக்குள் பிடிக்காமல் இருக்கவே முடியாது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் விளையாட வேண்டாம். உங்களுக்கு எல்லாம் சரிவரும். இது பேபிக்கு" என்று சொல்லி டிஸ்க்கை எடுத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். கெட்டித்தனமாக இருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அதற்குப் பிறகு இரண்டு கிழமையில் கறண்ட் நின்றது. சண்டை தொடங்கிவிட்டது, குடாநாடு முழுக்க இருட்டு. நீ பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில். நீ தவழ்ந்தாய், நடந்தாய், கதைத்தாய், கறண்ட் வரவில்லை. அவள் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த மெஷினின் துணியை விலக்கிக் காட்டுவாள். "கறண்ட் வரட்டும், அக்கா உனக்கு ஒண்டு காட்டுறன்" என்பாள். நீ கீபோட்டில் அடிப்பாய், அவள் கையைப் பிடித்து விலக்குவாள். உனக்கு இரண்டு வயதானபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். சைக்கிள் கரியரில் வைத்து அப்பா ஆசுபத்திரிக்கு உழக்கினார், நான் பின்னால் ஓடினேன். வேண்டிய மருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள். கப்பல் வருவதற்குள் அவள் போய்விட்டாள். எவனிடம் போய்ச் சண்டை பிடிப்பது? கப்பலை மறித்தவனிடமா, கறண்டை வெட்டியவனிடமா? அந்தக் கோபம் இன்னும் எனக்குள்தான் கிடக்கிறது.

அந்த டிஸ்க்கில் அவள் தன் கையால் "பேபிக்கு" என்று ஒரு லேபிள் ஒட்டியிருந்தாள். அதை உரித்துவிட்டு "பின்னம்" என்று எழுதி ஒட்டியவள் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு "ஐயோ, என்ரை பிள்ளை" என்று ஒப்பாரி வைப்பார்கள், அது ஒன்று. நீ வாசிக்கப் பழகியதும் கேட்பாய், அது மற்றது. பின்னம் என்று எழுதியிருந்தால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் தொடாது என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். அவள் வெறுத்த பாடத்தின் பெயரையே அவளின் டிஸ்க்குக்கு வைத்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு முழுச் சனமும் இடம்பெயர்ந்தபோது மெஷினை உரப் பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, டின்னை மட்டும் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தேன். திரும்பி வரும்போது சென்றிப் பொயின்டில் ஒரு ஆமிக்காரப் பெடியன் டின்னைத் திறந்தான். மேலேயே அந்த டிஸ்க். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து "இது என்னா?" என்றான். "மெத்ஸ். ரீச்சர்" என்றேன். "மெத்ஸா? அம்மோ!" என்று ஏதோ சுட்டது போல முகத்தைச் சுழித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, மூடியையும் அமத்தி மூடித் தந்தான். துவக்கோடு நின்றவனே திரும்பத் தந்த சாமானை, நான் பெற்ற நீ வீடியோவுக்காக அழித்தாய் என்று அதைப் பார்த்த அன்றைக்கு முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் மகனே, அடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், அது முழு உண்மை இல்லை. நான் கோபக்காரிதான், கள்ளி இல்லை. கறண்ட் திரும்பி வந்தபோது உனக்கு எட்டு வயது. நீ மாமா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் மெஷினை இறக்கி, துடைத்து, அந்த டிஸ்க்கைப் போட்டேன். உன் பெயரைத் தட்டினேன். அது உன்னைக் கூப்பிட்டது. நான் சுவிட்சை நிற்பாட்டிவிட்டேன். வாசலில் நின்ற அப்பா, "பெடியனுக்குக் காட்டுமன் அதை. அவனுக்கெண்டு தானே பிள்ளை செய்தது" என்றார். "பிறகு" என்றேன். நீ ஓஎல் சோதனை பாஸ் பண்ணியபோது திரும்பக் கேட்டார். "பிறகு" என்றேன். நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட கிழமை மூன்றாம் தரம் கேட்டார். "விசரே உங்களுக்கு, போற பிள்ளையை அழப் பண்ணப் போறியளோ?" என்று அவரை ஏசினேன். அழப் போவது நான் என்று அவருக்குத் தெரியும். இப்போது அவரும் இல்லை. உனக்கென்று அவள் செய்த ஒரேயொரு சாமானை உனக்குத் தராமல் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தேன். நீ அதை அழிக்க முதலே நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கை வரவில்லை. நீ கேட்டாய். உண்மைதான். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். நீ அறையிலிருந்து "அம்மா, பின்னம் உங்களுக்கு வேணுமோ?" என்று கத்தினாய். வடிவாகக் கேட்டது. நான் திருவுகிற கையை நிறுத்தாமல், "பின்னம் இனி ஆருக்கு? எடு, எடு" என்றேன். அந்த நேரம் எனக்கு அவளின் நினைவே வரவில்லை. பின்னம் என்றால் பின்னம் என்றுதான் நினைத்தேன். லேபிள் ஒட்டி ஊரை ஏமாற்றினேன், ஆமியை ஏமாற்றினேன், கடைசியில் நானும் ஏமாந்துபோனேன். என் பிள்ளையை என் வாயாலேயே "எடு" என்று கொடுத்திருக்கிறேன். அதைத்தான் நீ போனில் சொன்னாய். நான் கத்தியது அதனால்தான்.

இனிக் கேள். நீ எறிந்த டிஸ்க்கை, வீடு கூட்டும்போது எடுத்துப் பழையபடி டின்னுக்குள் வைத்திருந்தேன், பழக்கதோஷம். நீ "இஞ்சை கிடக்கட்டும்" என்று விட்டுப்போன பலகையும் ட்ரைவும் மேசை லாச்சிக்குள் கிடந்தன, அப்பா கணக்குப் பார்க்க வாங்கிய லப்டொப்பும் இருந்தது. நிவேதாவைக் கூப்பிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவளிடம் கேட்டுக்கொண்டேன், அவளோடு சண்டைக்குப் போகாதே. ஒரு கிழமை பொறுமையாகச் சொல்லித் தந்தாள். முதலில் அந்தக் கறுப்புத் துண்டைத் தள்ளி டிஸ்க்கைப் பூட்டச் சொன்னாள். பிறகு எழுதாமல் வாசிக்க மட்டும் செய்து, அதற்கு ஒரு இமேஜ் எடுத்தோம். ஐம்பத்திரண்டு வரை உன் குரங்கு. ஆனால் எழுதுவது அங்கே நின்றுவிட்டது அல்லவா, அதற்குப் பிறகு எண்பது வரை நீ தொடவில்லை. செத்திட்டுது என்று எறிந்தாயே, செத்தது பாதிதான்.

அந்தப் பாதியை மெஷின் ப்ரோக்ராமாக ஏற்காது. ஆனால் உள்ளே இருப்பதை எழுத்தாகத் திறந்து பார்க்கலாம். பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து. என் கண்ணுக்குக் கண்ணாடியும் போதாமல் பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் விடியக் காலமை ஒரு இடத்தில் "மொக்கு, அது பெரிசு" என்று கண்டேன். கொஞ்சம் கீழே, "மொக்கு, அது சின்னது." மொக்கு என்ற சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குக் கீழே, "கெட்டிக்காரப் பிள்ளை, இனி நீ எனக்குச் சொல்லித் தா." இவை எல்லாம் நான் விளையாடும்போது கண்டவைதான். கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியாக ஒரு வரி இருந்தது. அதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. முதலில் எனக்கு விளங்கவே இல்லை, இப்படி ஒன்று அதற்குள் இருந்ததா என்று. பிறகுதான் விளங்கியது. ஐந்து தரமும் பிழை விட்டால் மட்டும் வருகிற வரி அது. எனக்கு எல்லாம் சரிவந்ததே, எனக்கு எப்படி வரும்? அவள் உனக்கு எழுதியிருந்தது இதுதான்: "பரவாயில்லை. பிழை விட்டால் அம்மா ஏசுவா. நான் சொல்லமாட்டன். திரும்ப விளையாடுவம்."

மெஷின் எங்கும் போகாது. அழிந்துபோன முன்பாதியை நினைவிலிருந்து நானே திரும்ப எழுதினேன். அது அவள் எழுதியது இல்லை, அதையும் உனக்கு மறைக்கவில்லை. பின்பாதி அவளுடையது, ஒரு எழுத்தும் மாற்றவில்லை. "நேரம்" டிஸ்க்கை முதலில் வாசித்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் இதை எழுதியிருக்கிறேன். ஒரு எரரும் இல்லை. லேபிளில் "பேபிக்கு" என்று எழுதி, அதற்குக் கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறேன். அறைக்குள் கதிரையும் போட்டிருக்கிறது.

தை மாதம் வா. கலியாண வேலை எல்லாவற்றுக்கும் முதல் அந்தக் கதிரையில் இரு. உன் பெயரைத் தட்டு. பாதி பாதியாகப் பிரித்துக் கேட்காதே, ஐந்து தரமும் பிழையாகவே சொல்லு. நான் குசினிக்குள் நிற்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன்.